செவ்வாய்க்கிழமை மேடம்

"ஹரி மேடம்... ஹரி மேடம்... ஹரி, ஹரி."

சிங்களத்தில் ஏழாவது 'சரி'யையும் சொல்லிவிட்டு ஜெயதீபன் போனை வைத்தபோது அவன் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. வெளியே பொகவந்தலாவைப் பனி அலுவலகக் கண்ணாடியில் அப்பிக் கிடந்தது. அந்தக் குளிரில் ஒருவனுக்கு வேர்க்கிறதென்றால் விஷயம் பெரிது.

ஜெயதீபன் சாவகச்சேரிக்காரன். தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் ஆறு வருடமாகப் பெரிய கிளாக்கர். தோட்டத்தின் 'பாதுகாப்பு உத்தியோகத்தரும்' அவன்தான். அந்தப் பதவிக்கு வேலை கிடையாது, கையெழுத்து மட்டும் உண்டு. சிங்களம் நிதானமாகப் பேசினால் முக்கால்வாசி விளங்கும், வேகமாகப் பேசினால் பாதி. போனில் வந்த அதிகாரி அம்மா ரயில் வேகத்தில் பேசினாள். விளங்கிய பாதியே போதுமானதாக இருந்தது.

தோட்டத்து மேலாளரான துரையின் அறைக் கதவைத் தட்டினான்.

"சேர், செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தொழில் திணைக்களமும் சுற்றாடல் பாதுகாப்பு ஆக்களும் சேர்ந்து வருகினமாம். மருந்தடிக்கிற ஆக்களின்ர முகமூடி, கையுறை, பூட்ஸ் பாக்கவேணுமாம். ரோலர் பெல்ட்டுக்கு மூடி பாக்கவேணுமாம். ஓடைக்கரையில கிடக்கிற மருந்துக் கேன் பற்றியும் தெரியுமாம்."

வீரக்கோன் துரை நாற்காலியில் நிமிர்ந்தார். அவர் பேசுவது துரைமாரின் தோட்டத் தமிழ். அதில் எல்லாரும் 'நீ'தான், எல்லா வாக்கியமும் உத்தரவுதான்.

"செவ்வாக்கிழமையா? இன்னிக்கு வியாழன்! வேற என்ன சொன்னது?"

"முதலுதவிப் பெட்டிக்குள்ள கரம் விளையாடுற காய் இருக்காம். எடுக்கட்டாம்."

துரை மெல்ல எழுந்து நின்றார்.

"கரம் காய் உள்ளே இருக்கிறது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

"திணைக்களத்துக்கு ஒருக்கா போன் எடுத்து உறுதிப்படுத்துவமா சேர்?"

"பைத்தியமா? நீ எடுத்துக் கேட்டா அவங்களுக்கு இன்னும் நாலு விசயம் ஞாபகம் வரும். போன் எடுக்காதே. தோட்டத்தைக் கழுவு. காட்டிக் குடுத்த ஆள் யாருன்னு கண்டுபிடி. ஆள் இல்லாட்டி, நீ யாழ்ப்பாணம் போ."

அன்று பின்னேரம் ஜெயதீபன் வீட்டுக்குப் போனபோது அவன் மனைவி ரோகினி, தன்னோடு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் நஸீரா டீச்சருடன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். நஸீரா சிங்களப் பாடம் எடுப்பவள். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிடுவதைத் தவிர அந்த வீட்டில் அவள் அதிகம் வாய் திறப்பதில்லை.

"ரோகினி, நான் முடிஞ்சன்" என்று தொடங்கி ஜெயதீபன் எல்லாவற்றையும் கொட்டினான். அது அவன் வழக்கம். அலுவலகத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததையெல்லாம் வீட்டில் சோற்றோடு சேர்த்துத் திறப்பான்.

"அப்ப உண்மையாவே வாங்கிக் குடுத்தா என்னப்பா?" என்றாள் ரோகினி. "ஓடைத் தண்ணியில குளிச்சு என்ர வகுப்பில பாதிப் பிள்ளையளுக்குச் சொறி. ஒரு வருசமாச் சொல்லுறன்."

"உனக்குத் தோட்டத்து நிர்வாகம் விளங்காது."

நஸீரா இன்னொரு பிஸ்கட்டைத் தோய்த்தாள்.

தோட்டத்து நிர்வாகம் இதுதான். இருபத்து நான்கு பேருக்கு வருடாவருடம் பாதுகாப்பு உடுப்பு கொடுத்ததாகப் பதிவேட்டில் இருந்தது. உண்மையில் இருந்தது ஒரே ஒரு உடுப்பு. அது கண்ணாடி அலுமாரியில் தொங்கும். வருடத்துக்கொரு தடவை அதை இறக்கி, இருபத்து நான்கு பேருக்கும் ஒருவர் மாற்றி ஒருவராக மாட்டி, இருபத்து நான்கு படம் எடுத்து, வெளிநாட்டில் தேயிலை வாங்கும் கம்பனிக்கு அனுப்புவார்கள். அங்கேயிருந்து பாராட்டுச் சான்றிதழ் வரும். பிறகு உடுப்பு அலுமாரிக்குப் போகும், ஆட்கள் வெறுங்காலோடு மருந்தடிக்கப் போவார்கள்.

இருபத்து நான்கு பேரையும் ஒன்றாக நிறுத்தச் சொன்னால் அந்த வித்தை பலிக்காது. வேறு வழியில்லாமல் ஜெயதீபன் வெள்ளிக்கிழமை மஃறூப்பின் கடைக்கு ஓடினான்.

"இருபத்தி நாலு சோடி பூட்ஸா?" மஃறூப் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "என்ன சேர், தோட்டம் பட்டாளத்துல சேரப் போகுதா?"

பூட்ஸ், முகமூடி, கையுறை எல்லாம் வந்தது. துரை ஒரு பூட்ஸைத் தூக்கிப் பார்த்தார். அதில் அவர் முகம் தெரிந்தது.

"மூணு வருசமாப் போடுறதுன்னு புத்தகத்துல எழுதியிருக்கே. இது கண்ணாடி மாதிரி மின்னுது. பழசாக்கு!"

சேற்றில் போட்டுப் புரட்டினார்கள். சேறு பட்ட புது பூட்ஸ் மாதிரியே இருந்தது. சாம்பல் தேய்த்தார்கள். இன்னும் பளபளத்தது.

மருந்தடிக்கும் கூட்டத்தின் கங்காணி பேச்சியம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தாள்.

"போட்டு வேலை செஞ்சாத்தாங்க ஐயா பழசாகும். வேற வழி கெடையாது."

துரைக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேறு யோசனையும் வரவில்லை. சனிக்கிழமை இருபத்து நான்கு பேரும் முழு உடுப்போடு மலையில் ஏறினார்கள். மாலையில் அழகன் என்பவன் அலுவலக வாசலுக்கு வந்து தலையைச் சொறிந்தான்.

"என்ன அழகன், பூட்ஸ் கடிக்குதோ?"

"இல்லீங்க ஐயா. இன்னைக்குச் சோத்துல மருந்து வாடை இல்லீங்க. அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

ஜெயதீபன் அவனுடைய பூட்ஸைப் பார்த்தான். "சரி, போங்கோ" என்றான்.

கேன்களின் கதை வேறு. ஓடைக்கு மேலேயுள்ள பள்ளத்தில் நூற்று அறுபது வெறும் மருந்துக் கேன்கள் கிடந்தன. "பக்கத்துத் தோட்டத்து எல்லையில போடு. அது அவங்க குப்பை ஆகும்" என்றார் துரை. சனிக்கிழமை மத்தியானம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தொழிற்சாலை வாசலில் இரண்டு டிரக்டர் வந்து நின்றது. நூற்று அறுபதும் திரும்பி வந்திருந்தன, கூடவே அவர்களுடைய இருநூறும். டிரக்டர்காரன் ஒரு துண்டைக் கொடுத்தான். 'உங்கள் பொருட்கள் வழிதவறி வந்துவிட்டன. துணைக்கு எங்களுடையவற்றையும் அனுப்பியுள்ளோம்.'

"புதை!" என்றார் துரை.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். நாலாவது அடியில் மண்வெட்டி தண்ணீர்க் குழாயில் இறங்கியது. பீறிட்டு வந்த தண்ணீரில் துரையின் சப்பாத்து நனைந்தது. வெட்டியெடுத்த குழாயோ உள்ளே துருவும் பாசியுமாக அடைத்துக் கிடந்தது. திணைக்களத்துக்காரர் வரும்போது லயத்தில் தண்ணீர் இல்லையென்றால் அது தனி வழக்கு. குழாயை முழுதாக மாற்ற வேண்டியதாயிற்று.

வேறு வழியே தெரியாதபோது ஜெயதீபன் ஒரு கேனை எடுத்து அதில் ஒட்டியிருந்ததை வாசித்தான். மூன்று தடவை கழுவி, ஓட்டை போட்டு, விற்ற கம்பனிக்கே திருப்பிக் கொடுக்கும்படி மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. ஆறு வருடத்தில் அதை வாசித்த முதல் ஆள் அவன்தான். கம்பனிக்கு போன் எடுத்தான். "நாளைக்கே லொறி அனுப்புறோம்" என்றார்கள், ஏதோ தினமும் நடக்கிற காரியம் மாதிரி.

தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலரின் பெல்ட்டுக்கு மூடி கிடையாது. துரை அட்டைப் பெட்டியை வெட்டி மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொன்னார். தூரத்திலிருந்து பார்த்தால் இரும்பு மாதிரியே இருந்தது. இயந்திரத்தைப் போட்டதும் பெல்ட் அட்டையைக் கவ்வி விழுங்கி, கொழுந்தோடு சேர்த்து உருட்டிவிட்டது. அன்றைய தூளில் மஞ்சள் நிறத்தில் ஒரு புது ரகம் கிடைத்தது. துரை அதை ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இரும்புல செய்" என்று முணுமுணுத்தார்.

திங்கட்கிழமை ஒத்திகை. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் நின்றார்கள். ஜெயதீபன்தான் பரிசோதகர்.

"இந்த உடுப்பு எவ்வளவு காலமாப் போடுறீங்கள்?"

"மூணு வருசமாங்க ஐயா!" என்று கூட்டம் கத்தியது.

பேச்சியம்மா கையைத் தூக்கினாள். "ஒரு சந்தேகம்ங்க. மாஸ்க்கு போட்டிருந்தா நாங்க பேசுறது ஆபிசருக்குக் கேக்காது. கழட்டிட்டுப் பேசுனா, ஏன் கழட்டுனேன்னு கேப்பாரு. அப்ப நாங்க பொய்ய எப்படிங்க சொல்றது?"

கூட்டம் சிரித்தது. ஜெயதீபன் அந்தக் கேள்வியைக் கடந்து வேகமாக நடந்தான். வரிசைக் கடைசியில் செல்லசாமி நின்றார். தொழிற்சாலை வாசலில் தொங்கும் 'விபத்தில்லாத நாட்கள்' பலகையில் தினமும் காலையில் எண்ணை மாற்றுவது அவர் வேலை. இன்று 2,214. நாலு வருடத்துக்கு முன்பு அவருடைய வலது கையின் இரண்டு விரலை அந்த பெல்ட் கொண்டுபோயிருந்தது. 'வீட்டில் விறகு வெட்டும்போது' என்று பதிவேட்டில் எழுதியது ஜெயதீபனின் கை. பலகையில் எண் நிற்கவில்லை. அடுத்த நாள் காலையில் வேறொருவர் மாற்றினார். காயம் ஆறியதும் செல்லசாமியே இடது கையால் மாற்றத் தொடங்கினார்.

"ஐயா, ஆபிசர் வர்றப்ப இந்தக் கைய எங்க வச்சுக்கட்டும்?" என்று கேட்டார் செல்லசாமி. குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"பொக்கெட்டுக்குள்ள வையுங்கோ" என்று சொல்லிவிட்டு ஜெயதீபன் வேறு பக்கம் பார்த்தான்.

அன்று இரவு அவன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னான். ரோகினி கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

செவ்வாய் காலை துரை கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு தொழிற்சாலைக்கு வந்தார். வாசலில் நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். பலகையில் 1,463 என்றிருந்தது.

"இது என்ன?"

"செல்லசாமியின்ர விபத்து நடந்து இன்றைக்கு அவ்வளவு நாள் சேர். பதிவேட்டிலயும் திருத்திப்போட்டன்."

"யாரு சொல்லி?"

"கரம் காய் வரைக்கும் தெரிஞ்ச ஆக்களுக்கு ரெண்டு விரல் தெரியாமலா சேர் இருக்கும்?"

துரை பலகையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு வேறொன்று ஞாபகம் வந்தது.

"காட்டிக் குடுத்த ஆள்? பேர் எங்கே?"

ஜெயதீபன் ஒரு தாளை நீட்டினான். தோட்டத்து விஷயம் தெரிந்த பதினெட்டுப் பேரின் பெயரை எழுதி, எல்லாம் தெரிந்திருக்க முடியாதவர்களை ஒவ்வொருவராக வெட்டியிருந்தான். வெட்டாமல் மிஞ்சியவை இரண்டு பெயர். ஒன்று துரையுடையது. மற்றது அவனுடையது.

துரை அவனை உற்றுப் பார்த்தார். அவன் தன்னைத்தானே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டான். மூன்று நாளாக அந்தத் தாளை வைத்துக்கொண்டு யோசித்ததில், தூக்கத்தில் எழும்பிப் போய் முறைப்பாடு எழுதினோமோ என்றுகூட அவனுக்குப் பயம் வந்திருந்தது.

"மேடம் வந்து போகட்டும்" என்றார் துரை. "பிறகு உன் விசயம்."

பத்து மணி. மேடம் வரவில்லை. பன்னிரண்டு மணி. முதலுதவிப் பெட்டியைத் திறந்து புதுப் பஞ்சை ஒரு தடவை பார்த்து மூடினார்கள். இரண்டு மணி. இருபத்து நான்கு பேரும் பூட்ஸோடு படியில் உட்கார்ந்தார்கள். நாலு மணிக்குத் துரை கழுத்துப்பட்டியைப் பிடுங்கி எடுத்தார்.

"வரல்லே. எல்லாம் கழட்டு. அலுமாரியில வச்சுப் பூட்டு, அடுத்த தடவைக்கு ஆகும். பெல்ட் மூடியும் கழட்டு, கிளீன் பண்ண லேட் ஆகுது. பலகையில பழைய நம்பர் போடு. ஜெயதீபன், உன் கடிதம் நாளைக்கு டைப் பண்ணுறேன்."

ஜெயதீபன் மூலைக்குப் போய் தொழிற்சாலைப் போனில் மனைவியை அழைத்தான்.

"ரோகினி, ஒருத்தரும் வரேல்லை. துரை எல்லாத்தையும் கழட்டிப் பூட்டச் சொல்லுறார். என்ர வேலையும் போச்சுது போல."

"ஓமோ? சரி, நீங்கள் போனை வையுங்கோ" என்றாள் அவள். அழுவாள் என்று நினைத்திருந்தான். பால்காரனுக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பேச்சியம்மா ஒரு பூட்ஸைக் கழற்றி மற்றதில் கை வைத்திருந்தாள். செல்லசாமி பழைய எண்களைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது மூலையில் அதே தொழிற்சாலைப் போன் அலறியது.

"ஹலோ... ஹரி மேடம்!"

தொழிற்சாலை முழுதும் அசையாமல் நின்றது. ஜெயதீபன் கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுச் சொன்னான்.

"வழியில மண்சரிவாம். வாகனம் திரும்பிப் போட்டுதாம். இனித் திகதி சொல்லமாட்டினமாம். வருச முடிவுக்குள்ள எந்த நாளும் வருவினமாம். உடுப்பு அலுமாரியில இருந்தால் வழக்காம், ஆளில இருக்கவேணுமாம். மூடி மெசினில இருக்கவேணுமாம். செல்லசாமியின்ர நட்டஈட்டுக் கோப்பும் பாக்கவேணுமாம். பாதுகாப்பு உத்தியோகத்தர் மாறக்கூடாதாம்... ஹரி மேடம். பொஹொம ஸ்துதி மேடம்!"

இந்தத் தடவை ஒவ்வொரு 'ஹரி'யும், கடைசியில் சொன்ன நன்றியும் மனதாரச் சொன்னவை.

துரை அட்டைப் பெட்டியொன்றில் உட்கார்ந்துவிட்டார். "போடு" என்றார் பலவீனமான குரலில். "எல்லாம் திரும்பப் போடு. கடிதம் வேண்டாம். கோப்பு எடு."

பேச்சியம்மா கழற்றிய பூட்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஒரு தடவை தரையில் ஓங்கி மிதித்துப் பார்த்தாள்.

ஜெயதீபன் அன்றைக்கு வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஓடினான். திணைக்களத்தை எவ்வளவு தவறாக நினைத்துவிட்டோம்! இந்த நாட்டிலும் இப்படி விடாப்பிடியாக நின்று கடமை செய்கிற ஒரு அதிகாரி இருக்கிறாள். பேர்கூடக் கேட்கவில்லையே. அதை முதலில் ரோகினியிடம் சொல்லவேண்டும் என்று வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றும்போது, உள்ளே நஸீரா டீச்சர் பிஸ்கட்டை மென்றுகொண்டே கேட்பது கேட்டது:

"அது சரி ரோகினி, அடுத்த மாசம் லயத்துக் கூரைக்கு நான் எந்தத் திணைக்களத்துல இருந்து பேசணும்?"