வானத்துக் கண்ணாடியும் அப்போதே சொன்னவரும்

‘அப்போதே சொன்னவர்’ என்று ஓர் இனம் உண்டு. தேடிக்கொண்டு எங்கும் போக வேண்டாம். எங்கே ஏதாவது உடைந்து கிடக்கிறதோ அங்கே, துண்டுகளைப் பொறுக்குகிறவர்களுக்கு இரண்டடி தள்ளி, கால்சட்டைப் பைகளில் கைகளை விட்டுக்கொண்டு நிற்பார். உடைவதற்கு முன்னால் அவரை அந்தப் பக்கம் பார்த்தவர் கிடையாது. உடைந்த பிறகு அவர் இல்லாத இடமும் கிடையாது.

எங்கள் பகுதிக்கு வாய்த்தவர் மெல்வின் ஸ்டார்க்கி. பால்டிமோரின் கிழக்கு ஓரத்தில், டண்டாக்கில் நான் நடத்தும் நண்டுக் கடைக்குச் சனிக்கிழமை தவறாமல் வருவார். காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு எரிந்து முடிந்ததும் போய்ப் பார்த்து, எப்படி எரிந்தது என்று எழுதிக் கொடுக்கும் வேலை. எரிகிற வீட்டுக்கு அவர் போனதே இல்லை. அது வேறு இலாகா.

அவர் ஆரம்பிக்கும் முறை ஒன்று உண்டு. முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைப்பார். “நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம்னுதான் பாக்குறேன்” என்பார். அதற்கப்புறம் மற்றவர்கள் ஒன்றும் சொல்ல முடியாது.

அவருக்கென்றே செய்து அனுப்பியது போல வந்தது விண்வெளித் தொலைநோக்கி. அதில் வேலை பார்த்தவள் என் தங்கை டெல்லா. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். இதை நான் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், உங்களிடமும் சொல்லிவிட்டேன். தொலைநோக்கிக்குப் பணம் ஒதுக்க அரசாங்கம் இழுத்தடித்தபோது “இழுக்கும்னு அப்பவே சொன்னேன்” என்றார் ஸ்டார்க்கி, பெரிய கண்ணாடியைத் தேய்த்து முடிக்கத் தாமதமானபோது “ஆகும்னு சொன்னேனே” என்றார், அதைத் தூக்கிப் போக வேண்டிய விண்ணோடங்களை ஒரு கொடிய விபத்துக்குப் பிறகு நிறுத்திவைத்து, தொலைநோக்கியைத் தூசி படாத அறையில் வருடக்கணக்காகப் போர்த்தி வைத்திருந்தபோது, தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிட்டார், கடைசியில் அது ஒரு வழியாக மேலே போய்ப் பூமியைச் சுற்றத் தொடங்கியதும், “போகும்னு நான் அப்பவே சொல்லல?” என்று நண்டுக் காலை உயர்த்திக் கேட்டார்.

யாரிடம் சொன்னார்? எப்போது சொன்னார்? இந்தக் கேள்விகளை நல்ல மனிதர்கள் கேட்பதில்லை. அந்த நல்ல மனதில்தான் இந்த இனம் பிழைத்துக் கிடக்கிறது.

பிறகு அந்த ஜூன் மாதம் வந்தது. வானத்திலிருந்து வந்த படங்கள் எல்லாம் மங்கல். உலகத்திலேயே அவ்வளவு வழவழப்பாக ஒரு கண்ணாடியை யாரும் தேய்த்ததில்லை. ஆனால் தேய்த்தது தவறான வடிவத்தில். தலைமுடியின் பருமனில் ஒரு சிறு துளி அளவு தவறு. அந்தத் துளிக்குள் நாடே விழுந்து சிரித்தது. பத்திரிகைகளில் கேலிப் படங்கள், தொலைக்காட்சியில் துணுக்குகள். என் தங்கை முடி திருத்தும் கடையில், தான் சாக்லேட் கம்பெனியில் வேலை பார்ப்பதாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

அந்த வாரம் கடைக்கு வந்தாள். எங்கள் ஊரில் நண்டுக்குத் தட்டு கிடையாது. மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அவித்த நண்டை அதன்மேல் குவித்துவிடுவோம். மரச் சுத்தியல் கையில் இருந்தால் போதும். பரிமாறுகிற மார்வா விரித்த தாளில் பெரிதாக ஒரு கேலிப் படம்; தொலைநோக்கி பார்வையற்றவர் போல, கையில் வெள்ளைப் பிரம்போடு தடவிக்கொண்டு நின்றது. டெல்லா அதையே பார்த்தாள். மார்வா சட்டென்று தாளைத் திருப்பினாள். அந்தப் பக்கம் எங்கள் ஊர் பேஸ்பால் அணி தோற்ற செய்தி.

“இந்தப் பக்கமும் எழவுதான், கண்ணு. எதுமேல சாப்பிடுற?” என்றாள். மார்வாவுக்கு ஊரில் எல்லோரும் கண்ணுதான்.

அடுத்த மேசையில் பெருமூச்சு கேட்டது. மூக்குக் கண்ணாடி இறங்கியது.

“நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம்னுதான் பாக்குறேன்...”

“அப்ப சொல்லாதீங்க” என்றேன். சொன்னார்.

மூன்று வருடங்கள் ஓடின. தவறைச் சரிசெய்ய ஒரு வழி பிடித்தார்கள். காசு அளவில் குட்டிக் குட்டிக் கண்ணாடிகள் செய்து, விண்வெளி வீரர்களை மேலே அனுப்பி, தொலைநோக்கிக்குள் பொருத்துவது. கண் மங்கியவருக்கு மூக்குக் கண்ணாடி மாட்டுவது போல. அந்தக் குட்டிக் கண்ணாடிகளைச் சோதிக்கும் குழுவில் என் தங்கை. இதுவும் தவறினால் மூன்றாவது வாய்ப்பு கிடையாது. தொலைநோக்கி சுற்றுகிற குப்பை. அவள் நிஜமாகவே சாக்லேட் கம்பெனியில் வேலை தேட வேண்டியதுதான்.

அக்டோபரில், கண்ணாடிகளை ஏவுதளத்துக்கு அனுப்புவதற்கு முன்னால், மதியம் சாப்பிட வந்தாள். இளைத்திருந்தாள். அக்டோபர் நண்டு சதை பிடித்து, கையில் எடுத்தாலே கனக்கும். ஸ்டார்க்கி முன்னால் ஒரு குவியல்.

“என்னம்மா, கண்ணாடிக்குக் கண்ணாடி போடப் போறீங்களாமே?” என்றார். பெருமூச்சு விட்டார்.

டெல்லா சுத்தியலைக் கீழே வைத்தாள். எழுந்துபோய் அவர் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

“ஸ்டார்க்கி சார், உங்கள மாதிரி ஆளுங்க அந்தப் பெரிய கண்ணாடியத் தேய்ச்ச எடத்துலயும் இருந்தாங்க. ரெண்டு சின்னக் கருவி வடிவம் தப்புன்னு காட்டிச்சு. பெரிய கருவி மட்டும் சரின்னுச்சு. பெரிய கருவி ரொம்ப நுணுக்கமானது, அதனால அதையே நம்பிட்டாங்க. அந்தப் பெரிய கருவியப் பொருத்துனதுலதான் தப்பு.”

“நான் நெனச்சேன்!”

“அவங்களும் நெனச்சாங்க. படம் மங்கலா வந்ததும் ஆளாளுக்கு ‘எனக்கு அப்பவே சந்தேகம்’னாங்க. யார்கிட்ட சொன்னீங்கன்னு கேட்டேன். ஒருத்தர் கார்ல போறப்போ பொண்டாட்டிகிட்ட சொன்னாராம். அந்தம்மா தூங்கிட்டிருந்தாங்களாம். இன்னொருத்தர் மனசுக்குள்ள ரொம்பச் சத்தமா சொன்னாராம்.”

மார்வா சிரித்ததில் அவள் ஏந்தி வந்த பீர்க் கோப்பைகள் தளும்பின. டெல்லா சிரிக்கவில்லை.

“இப்ப இன்னும் நேரம் இருக்கு. கண்ணாடி இங்கதான் இருக்கு. நான் தினமும் அதைச் சோதிக்கிறேன், சரின்னுதான் வருது, அதுதான் பயமா இருக்கு. பெரிய கருவியும் சரின்னுதான் சொல்லிச்சு. தப்பா இருந்தா இப்பச் சொல்லுங்க. முட்டாள்தனமா இருந்தாலும் பரவால்ல. தேறுமா, தேறாதா?”

கடை முழுக்கச் சுத்தியல்கள் நின்றன. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் ஸ்டார்க்கியிடம், உடைவதற்கு முன்னால், நேருக்கு நேராக அபிப்பிராயம் கேட்டிருக்கிறார். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்; விரலெல்லாம் மிளகாய் மசாலா, மாட்டியதும் கண் எரிந்து நீர் வழிந்தது.

“சொல்லுங்க கண்ணு, புள்ள கேக்குதுல்ல” என்றாள் மார்வா.

“சொல்றதுக்கு என்ன... சொல்லலாம்... ஆனா இப்பவே சொல்லிட்டா...” என்று எழுந்தார். “வீட்டுல அடுப்ப அணைச்சேனான்னு தெரியல.”

போய்விட்டார். சதை பிடித்த நண்டுகள் அப்படியே கிடந்தன. டண்டாக்கில் அக்டோபர் நண்டைப் பாதியில் விட்டுப் போனவர் அவர் ஒருவரே.

டெல்லா அந்தக் குவியலைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு, “அண்ணே, மிச்சத்தப் பொட்டலம் கட்டு. எங்க குழுவுல எல்லாரையும் உக்கார வெச்சு இதே கேள்வியக் கேக்கப்போறேன். பதில் சொன்னாத்தான் நண்டு” என்றாள். கேட்டாள். பத்து பேரும் ஆளுக்கொரு சந்தேகத்தைச் சத்தமாகவே சொன்னார்களாம். எல்லாவற்றையும் மறுபடி, வேறு கருவி வைத்துச் சோதித்தார்களாம். ஒவ்வொன்றும் சரியாக வந்த பிறகுதான் பெட்டியை மூடினார்களாம்.

ஜனவரியில் படங்கள் வந்தன. புள்ளி புள்ளியாக நட்சத்திரங்கள், ஊசி குத்தினாற்போல். டெல்லா கடைக்குத் தொலைபேசி செய்து, பேச ஆரம்பிப்பதற்குள் அழுதாள். முடி திருத்துகிறவளிடமும் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். படம் வந்த பத்திரிகையை நான் மேசையில் விரிக்கவில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன்.

சனிக்கிழமை ஸ்டார்க்கி வந்து அதன் எதிரே நின்றார். பைகளில் கைகள்.

“அப்பவே சொன்னேன்.”

“எப்பய்யா சொன்னீங்க?” என்று கத்தினேன்.

“அன்னிக்குப் பாதியில எந்திரிச்சுப் போனேனே, எதுக்குன்னு நெனச்ச? கவலை இருந்தா உக்காந்து பேசியிருக்க மாட்டேனா?” என்றார். மார்வா தலையில் அடித்துக்கொண்டு அவருக்கு சூப் எடுக்கப் போனாள்.

எனவே வாசகரே, இந்த இனத்தைக் கண்டால் கோபப்படாதீர்கள். பெருமூச்சு வருவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள், போதும், தானாக ஓடிவிடும். ஆனால் அதைத் தேடி வெளியே கிளம்புவதற்கு முன் ஒரு நிமிடம். ஸ்டார்க்கி கடைசியில் என்ன சொல்வார் என்று பாதியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா?

யாரிடம் சொன்னீர்கள்?