சுப்பராயன் சொன்ன தேங்க்ஸ்

"தேங்க்ஸ்" என்று சுப்பராயன் சொன்னதும், ஏலவார்குழலி தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டு அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஒடம்பு இன்னா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. தோசை சுட்டுப் போட்டியே, அதுக்குத்தான்."

"கட்டினவனுக்குச் சுட்டுப் போட்டதுக்குத் தேங்க்ஸா? நான் இன்னா, ஓட்டலா நடத்தினு கீறேன்?"

மறைமலை நகர் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டும் சுப்பராயனுக்கு 1991-ல் வந்த சோதனை இது. ப்ளீஸ், தேங்க்ஸ், ஸாரி என்று மரியாதையாகப் பேசத் தெரிந்தவனுக்குத்தான் சூப்பர்வைசர் வேலை என்று புது மேனேஜர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை இன்டர்வியூ. ஷிப்ட், ஓ.டி., பிரேக்டவுன் எல்லாம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. இந்த மூன்று மட்டும் தொண்டையைத் தாண்டி வரமாட்டேன் என்றன. "வீட்டில் பேசிப் பழகு" என்றார் மேனேஜர். கூடப் போட்டியிட்ட பக்கத்து வீட்டு யாக்கோபு ஆட்டுக்குட்டியிடம் பேசிப் பழகினான். சுப்பராயனிடம் ஆடு இல்லை.

மனைவியிடம் விஷயத்தைச் சொல்லவும் பயம். போன தடவை சொன்னதற்குத் தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்துவிட்டாள். வேலை வேறொருவனுக்குப் போய்விட, அவன் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

மாலையில் மல்லிகைப்பூ வாங்கிவந்து நீட்டினான். "ப்ளீஸ், வச்சிக்க."

"பூவும் வாங்கினு வந்து, கெஞ்சவும் செய்யுறியா? யாருய்யா அவ?"

"ஐயோ, ஸாரி குழலி!"

"அப்ப ஒருத்தி உண்டுன்ற!"

அழுகைச் சத்தம் கேட்டுப் யாக்கோபின் மனைவி ஞானம்மா எட்டிப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். சமாதானப்படுத்தலாமென்று மறுநாள் தண்ணீர்க் குடத்தை அவனே தூக்கிவந்தான். "எந்நாளும் தூக்காத கொடம்!" என்று குழலி இன்னும் பலமாக அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலத்திலிருந்து மாமனார் பாண்டுரங்கன் வந்து இறங்கினார்.

"குடியா, கூத்தியாளா மாப்ளே? ஒளிக்காம சொல்லுங்க."

பழகிய வாய் முந்திக்கொண்டது. "ஸாரி மாமா."

"ரெண்டுமா!" மாமனார் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

குழலி டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வேலையாவது, இன்டர்வியூவாவது என்று சுப்பராயன் ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்தான். லேசாக இருந்தது. பாவம், ஆத்திரத்தில் துணிகூட எடுத்து வைக்கவில்லை போலும்.

"போவாத குழலி, ப்ளீஸ்! என் கிரீஸ் சட்டையத் தொவைச்சு, எந்த ஷிப்டா இருந்தாலும் சுடச்சுட ஆக்கிக் குடுத்தியே, அதுக்குத்தான் தேங்க்ஸ். இத்தினி வருசமா சொல்லாததுக்கு ஸாரி."

மூன்றும் தங்குதடையின்றி வந்துவிட்டன. சொன்ன பிறகுதான் அத்தனையும் நிஜம் என்று அவனுக்கே தெரிந்தது, கண் கலங்கிவிட்டது. குழலி பெட்டியை இறக்கி வைத்து மூக்கைச் சிந்தினாள்.

திங்கட்கிழமை அதே வேகத்தில் மேனேஜரிடமும் பேச, வேலை கிடைத்துவிட்டது. யாக்கோபுக்குக் கிடைக்கவில்லை. ஆடு பதில் பேசாததால் பழக்கம் போதவில்லையாம். சுப்பராயன் ஜிலேபியோடு வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டான்.

"அப்டியா சேதி!" என்று குழலி கண்ணை அகல விரித்தாள்.

ஜிலேபியைக் கடித்துக்கொண்டிருந்த ஞானம்மா அவள் தோளில் இடித்தாள். "போதும்டி நடிப்பு! எங்க வூட்டுக்காரரு சொன்னத மொத நாளே வந்து ஒங்கிட்ட சொன்னேன், நீதான் 'தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதக்கா, அது சொல்றத நிறுத்திடும்'னு என் வாயை அடைச்சியே!"