மஞ்சள் கால், ரோஸ் கால்

“சீக்கிரம் சொல்லுங்க தம்பி, பறந்துடப் போகுது!” என்றார் காதலியின் அப்பா.

லிஃப்ட் மெக்கானிக் பைனாகுலரைக் கண்ணோடு அழுத்திக்கொண்டான். துறைமுகச் சுவர்மேல் ஒரு கடற்காகம் நின்றது. கடற்காகங்களில் அண்ணன் தம்பி மாதிரி இரண்டு இனமாம். ஒன்றுக்கு மஞ்சள் கால், கொஞ்சம் கறுத்த முதுகு. மற்றதற்கு ரோஸ் கால், சாம்பல் முதுகு. இந்தப் புண்ணியவானுக்கோ கால் முழுக்கச் சேறு.

“மஞ்சள் கால்தான் மாமா.”

“ரோஸ்,” என்று பெருமூச்சு விட்டார் அவர்.

காதலி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: “அப்பாகூடப் பறவை பார்த்துட்டு வாங்க. அப்புறம்தான் அம்மா முடிவு சொல்வாங்க. எங்க வீட்ல அம்மா வச்சதுதான் சட்டம்.” முன்னால் வந்த இரண்டு மாப்பிள்ளைகள் பறவை பார்த்த கையோடு நடையைக் கட்டியிருந்தார்கள்.

காதலி வீட்டு வாசலிலேயே அவள் அம்மா மறித்தாள். “கண்டுபிடிச்சீங்களா?”

“இல்ல அத்தை...”

“அப்படியா? உள்ள வாங்க, பேசணும்.”

“ஐயோ, இப்ப வேண்டாம் அத்தை! அடுத்த ஞாயிறு வரைக்கும் டைம் கொடுங்க!” கழற்றிய செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான்.

அந்த வாரம் லிஃப்டுக்குள் கடற்காகப் படங்களை ஒட்டி வைத்துப் படித்தான். பொத்தான்களும் படத்துக்கடியில் போய்விட, ஐந்தாம் மாடிக்காரர்கள் மூன்றில் இறங்கி அவனைத் திட்டித் தீர்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குஞ்சுகள் வந்து காலை வாரின. இரண்டு இனத்துக் குஞ்சும் ஒரே பழுப்பு.

“பாதி சரி அத்தை,” என்றான் வீட்டுக்கு வந்து, ஈனஸ்வரத்தில்.

“பாதியா?” அவள் முகம் சுருங்கியது. “போதும் தம்பி, இத்தோட விட்டுடுங்க.”

அவனுக்கு உலகமே இருண்டது. காதலி இல்லாத வாழ்க்கையை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வேலைக்கு லீவு போட்டான். குளிரிலும் மழையிலும் துறைமுகமே கதியென்று கிடந்தான். சட்டையெல்லாம் எச்சம். பார்த்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு, சுவர்மேல் நின்றவற்றை ஒன்று விடாமல் புட்டுப் புட்டு வைத்தான். குஞ்சுகளைக்கூட இறகை வைத்தே பிரித்தான். அப்பா கண் கலங்கி அவனைக் கட்டிக்கொண்டார்.

“எல்லாம் சரி அத்தை! ஒண்ணுகூடத் தப்பில்ல!” என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான்.

அம்மா தலையில் கைவைத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“வீட்டுக்கு ஒரு பறவைப் பைத்தியம் போதும்னுதான், ஒண்ணுமே தெரியாதவனாப் பார்த்து என் பொண்ணைக் கொடுக்க இருந்தேன், இப்படிக் கெட்டுப்போயிட்டீங்களே தம்பி!”