பதினாலாம் இலக்க மா

நாலாவது பாத்தி முடிவதற்குள் மீனாம்பிகைக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிட்டது. குந்தியிருந்து புல்லுப் பிடுங்குவதில் நெஞ்சு அடிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் அடித்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் ஈரச் சாக்குப் போலக் கனத்தன. எழும்பினால் கண் இருட்டும் என்று தெரிந்ததால் அவள் எழும்பாமல் குந்தியபடியே அடுத்த பாத்திக்கு நகர்ந்தாள். உடுவிலில் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் பெண்கள் எட்டுப் பேர். அவள்தான் கடைசியாக நின்றாள். முன்பு முதலாவதாக நின்றவள்.

காரணம் அவளுக்குத் தெரியும். கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் இரத்தம் போகிறது. ஆசுபத்திரி டொக்டர் கட்டியை எடுக்கத் தயார். ஆனால் இரத்தம் ஏழு புள்ளி ஒன்பதில் நிற்கிறது, பத்துக்கு வராமல் ஒப்பரேசன் மேசையில் ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இரும்புக் குளிசை கொடுத்தார். குளிசை உள்ளே போனால் சோறு வெளியே வந்தது. கட்டி இருக்கும்வரை இரத்தம் ஏறாது, இரத்தம் ஏறும்வரை கட்டியை எடுக்க முடியாது. இப்படியே ஒரு வருடம் போனால் இருதயமும் கெட்டுவிடும் என்பதையும் டொக்டர் ஒளிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து கோபிகா என்ற பிள்ளை ஸ்கூட்டியில் வந்தது. இரத்தம் குறைந்த பெண்களுக்கு இரும்பு சேர்த்த அரிசிமா கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி. பன்னிரண்டு கிழமை, கிட்டத்தட்ட மூன்று மாதம். நாளுக்கு ஒரு நேரம் அந்த மாவில் பிட்டு அவித்துச் சாப்பிட வேண்டும். புதன்கிழமைகளில் அவள் வந்து பழைய பையைப் பார்த்து, கேள்வி கேட்டு, அதே இலக்கத்தில் புதுப் பை தருவாள். கடைசியில் இரத்தம் சோதிப்பார்கள்.

கோபிகா நாலு பக்கப் படிவத்தை ஒரு வரி விடாமல் வாசித்தாள். மூன்றாம் பக்கம் வந்தபோது மீனாம்பிகை சுவரில் சாய்ந்தபடி, எப்போது நிலத்தில் குந்தலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். வாசித்து முடிந்ததும் ஒப்பம் வைத்தாள். அவளுக்குப் பதினாலாம் இலக்கப் பை. பக்கத்து வளவு அற்புதராணிக்குப் பதினைந்து. அற்புதராணி ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிறவள். மாடிப்படியில் இரண்டு தடவை மயங்கி விழுந்தவள். அவளுடைய இரத்தம் ஒன்பது.

மூன்றாம் பக்கத்தில் என்ன இருந்தது என்பதை மீனாம்பிகைக்குச் சொன்னவர் மீன்காரக் கனிசியஸ்.

அவர் குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வருபவர். மீனாம்பிகை அவரிடம் வாங்குவதில்லை. மூன்று வருடத்துக்கு முன் மகன் மயூரதன் றோட்டில் அடிபட்டுப் பதினொரு நாள் கண் திறக்காமல் கிடந்தான். அவன் எழும்பி நடந்தால் சாகும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டேன் என்று அவள் முருகனிடம் சொன்னாள். அவன் எழும்பி நடந்தான். நடந்து கொழும்புக்கு வேலைக்கும் போய்விட்டான். அவள் சொன்ன சொல்லில் நின்றாள்.

அன்று காலை அற்புதராணியின் படலையடியில் சூடை மீனை நிறுத்துக்கொண்டே கனிசியஸ் கதைத்தார். இப்போது றாலை உரித்த கோதைக்கூட எறிவதில்லையாம்.

"கம்பஸ் ஆக்கள் வந்து சாக்குக் கணக்கிலை ஏத்துகினம், தங்கச்சி. காயவைச்சு, இடிச்சு, அவிச்சுத் தூளாக்கி உங்கடை மாவுக்குள்ளைதான் போடுகினமாம்."

வேலிக்கு இந்தப் பக்கம் மீனாம்பிகையின் வாயில் பிட்டு இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு துப்பினாள்.

புதன்கிழமை கோபிகாவிடம் கேட்டாள். கோபிகா மூன்றாம் பக்கத்தை எடுத்துக் காட்டினாள்.

"ஓம் அன்ரி, வாசிச்சனான். றால் கோதிலை இருந்து கைற்றோசான் எண்டு ஒரு சாமான் எடுக்கிறது. அதாலை சின்னச் சின்ன உருண்டை செய்து, இரும்பை அதுக்குள்ளை வைச்சு மூடியிருக்கு. ஒரு தலைமயிரை ஆயிரமாய்ப் பிளந்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு உருண்டை. வயித்துக்குள்ளை போய்த்தான் உடையும்."

"அப்ப நான் றால் திண்டிட்டன்."

"எல்லாப் பையிலையும் உருண்டை இல்லை. அரைவாசிப் பையிலைதான். மற்ற அரைவாசியிலை வெறும் இரும்பு."

"என்ரையிலை எது, பிள்ளை?"

"எனக்கே தெரியாது. தெரியவும் கூடாது. எந்த இலக்கத்திலை எது எண்ட பட்டியல் பேராசிரியரிட்டை, ஒட்டின உறைக்குள்ளை இருக்கு." கோபிகா பேனையை மூடிவிட்டு அவளைப் பார்த்தாள். "அன்ரி, நீங்கள் சைவமோ? சைவமெண்டால் சொல்லுங்கோ, இப்பவே விலகலாம். ஒரு பிரச்சினையும் இல்லை."

விலகினால் மா இல்லை. மா இல்லையென்றால் மேசை இல்லை.

"சீச்சீ. சும்மா கேட்டனான்," என்றாள் மீனாம்பிகை. முருகனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவள் சொன்ன முதல் பொய் அது.

இரண்டு விதப் பையிலும் இரும்பு இருக்கிறது. றால் இல்லாத இரும்பு எது என்று கண்டுபிடித்தால் போதும். அடுத்த நாள் காலை இரண்டு வீட்டுப் பிட்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தாள். பதினாலு சாம்பல் நிறம். கழுவாத கருவாட்டுச் சட்டி போல ஒரு மணம். இத்தனை நாளும் மருந்து போட்ட மா அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துச் சாப்பிட்டிருந்தாள். பதினைந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. தேங்காய்ப்பூ மணத்தைத் தவிர வேறு மணம் இல்லை.

இரண்டாவது அபிப்பிராயத்துக்குப் புருசன் இளையதம்பியைக் கூப்பிட்டாள். இளையதம்பி இருபத்தைந்து வருடம் மேசனுக்குக் கையாளாக நின்று, சீமெந்துத் தூசியில் மூக்கின் பாதியை விட்டவர். மீதிப் பாதியால் மணந்து பார்த்து, "றால்தான்," என்றார்.

அற்புதராணி வேதக்காரி, ஞாயிறு தேவாலயத்துக்குப் போகிறவள். மச்சம் அவளுக்குத் தடையில்லை. மீனாம்பிகை விசயத்தைச் சொன்னதும், றால் தனக்கு என்ன செய்யும், தாருங்கோ என்றாள். இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த தகர வேலியில் ஆள் குனிந்து போகக்கூடிய பொட்டு ஒன்று இருந்தது. அதனூடாகப் பைகள் மாறின.

மாவைத் தொடங்கிய நாளிலிருந்து மீனாம்பிகைக்கு இருந்த வயிற்றெரிவு நின்றது. நாலாம் கிழமை பாத்தியை முடித்துவிட்டு எழும்பினாள், கண் இருட்டவில்லை. முருகன் கைவிடவில்லை என்று இளையதம்பியிடம் சொன்னாள்.

வயிற்றெரிவு வேலியால் அந்தப் பக்கம் போயிருந்தது. அற்புதராணியால் பாதிப் பிட்டுக்குமேல் சாப்பிட முடியவில்லை. மீதியைக் கோழிகளுக்குப் போட்டாள். கோழிகளுக்கு வயிறு எரிந்ததாகத் தெரியவில்லை.

புதன்கிழமைதான் சிக்கல். காலையில் வெறும் பைகள் பொட்டுக்குள்ளால் திரும்பி வந்து அவரவர் வீட்டில் இருக்க வேண்டும். அது சுலபம். கோபிகாவின் கேள்விகள் சுலபமில்லை. எரிவு உண்டா, சத்தி எடுக்கிறதா, எத்தனை தரம், என்ன நிறம். பதினாலைச் சாப்பிடுகிறவள் அற்புதராணி. பதினாலுக்கு நேரே இருப்பது தன் பெயர். ஆகவே அற்புதராணியின் வருத்தத்தைத் தான் சொல்வதுதான் நியாயம் என்று மீனாம்பிகை முடிவு செய்தாள். ஆராய்ச்சிக்காரரை ஏமாற்றக்கூடாது என்பதில் அவள் கவனமாக இருந்தாள்.

புதன் காலைகளில் பொட்டடியில் பாடம் நடந்தது.

"எரிவு எவடத்திலை, ராணி?"

"தொப்புளுக்கு மேலை. சாப்பிட்டு அரை மணித்தியாலத்திலை."

"சத்தி?"

"ரெண்டு தரம்."

"வெளியாலை போறது என்ன நிறம்?"

"அதையும் சொல்லவேணுமே, அக்கா?"

"பிள்ளை கேப்பாள்."

மீனாம்பிகை பள்ளிக்கூடத்தில் எதையும் இவ்வளவு ஒழுங்காகப் பாடமாக்கியதில்லை. சொல்லும்போது கை தானாகவே தொப்புளுக்கு மேலே போனது. அவ்வளவு நன்றாகச் சொன்னதால் கோபிகா பயந்துபோனாள். ஆறாம் கிழமை ஆசுபத்திரிக்குக் கடிதத்தோடு வந்தாள். வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்க வேண்டும். பார்க்காமல் மா தர முடியாது.

மீனாம்பிகை அன்று தோட்டத்துக்குப் போகவில்லை. முதல் நாள் இரவிலிருந்து பச்சைத்தண்ணீரும் குடிக்கவில்லை. இடப்பக்கம் சரிந்து படுத்து, அயலவளின் வயிற்றெரிவுக்காகத் தன் தொண்டைக்குள்ளால் குழாயை விழுங்கினாள். கண்ணால் நீர் ஓடியது. வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை, இருபது வயதுப் பிள்ளையின் வயிறு என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது அற்புதராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பொட்டடியில் நின்றாள்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லையாம். நல்ல வயிறாம்."

"என்ரை எரிவை உங்கடை வயித்துக்குள்ளை தேடினால் எப்பிடிக் காணுறது, அக்கா?"

நல்ல வயிறு என்று எழுதித் தந்தபின் எரிகிறது என்று சொல்லவும் முடியாது. அடுத்த புதனிலிருந்து இரண்டு பேரும் சுகம் என்றே சொன்னார்கள். அற்புதராணியின் எரிவு அதன் பிறகு எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. ஆனால் எரிந்தது.

ஒன்பதாம் கிழமை அவள் தன் பையைத் திருப்பிக் கேட்டாள். மீனாம்பிகை மறுக்கவில்லை. பையைக் கொண்டுவந்து பொட்டில் வைத்தாள்.

"இந்தா, ராணி. மூண்டு கிழமைதான் இருக்கு. பத்து வந்தால் மேசை. வராட்டி..." மிச்சத்தை அவள் சொல்லவில்லை. சொல்ல மூச்சு இருந்தும் சொல்லவில்லை.

அற்புதராணி பையைப் பார்த்தாள். கிணற்றடியில் வாளியைப் பாதிக் கயிற்றில் விட்டுவிட்டு இந்த மனுசி நிலத்தில் குந்திவிட்ட நாட்கள் அவளுக்குத் தெரியும். பிறகு பையைக் காலால் அந்தப் பக்கமே தள்ளினாள்.

"கொண்டு போங்கோ. எனக்குக் கோழிக்குப் போடுறதுக்கு எந்த மாவெண்டாலும் ஒண்டுதான்."

பன்னிரண்டாம் கிழமை இரத்தம் எடுத்தார்கள். மீனாம்பிகைக்குப் பத்துப் புள்ளி ஆறு. அற்புதராணிக்கு எட்டுப் புள்ளி ஆறு. ஆசுபத்திரி அட்டையில் மீனாம்பிகைக்குத் திகதி விழுந்தது. அவள் கோயிலில் பொங்கிப் படைத்தாள். றால் கலக்காத இரும்பில் இவ்வளவு இரத்தத்தை ஏற்றிவிட்டாயே என்று முருகனுக்கு முன்னால் நின்று அழுதாள். திரும்பி வந்து அற்புதராணிக்கும் ஒரு கிண்ணம் பொங்கல் கொடுத்தாள்.

ஒப்பரேசனுக்கு ஒரு கிழமை இருக்கும்போது கோபிகா வந்தாள். கையில் மா இல்லை, ஒரு கடதாசி மட்டும். உறையை உடைத்துவிட்டார்களாம். இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டு மீனாம்பிகையின் விறாந்தையில் இருத்தினாள். முகம் நித்திரை இல்லாத முகம்.

அறுபது பெண்களாம். உருண்டை மா சாப்பிட்டவர்களுக்கு ஏறியிருக்கிறது, வெறும் இரும்பு சாப்பிட்டவர்களுக்குப் பெரிதாக ஏறவில்லை. எல்லாம் நினைத்தபடியே. இரண்டு பேரைத் தவிர.

"அன்ரி, உங்கடை பதினாலிலை இருந்தது வெறும் இரும்பு," என்றாள் கோபிகா. "வெறும் இரும்பு மாவைக் கறுக்கப் பண்ணும், மீன் மாதிரி மணக்கும், வயிறு எரியும். அந்த மணமும் எரிவும் தெரியாமல் மூடத்தான் றால் கோது. அந்த மாவிலை ரெண்டு புள்ளி ஏழு ஏறின ஆள் நீங்கள் ஒராள்தான். றால் கோது போட்ட பதினைஞ்சைத் திண்டும் இறங்கின ஆள் இந்த அன்ரி ஒராள்தான். எங்கை பிழைச்சதெண்டு பேராசிரியருக்கு விளங்கேல்லையாம். நாளைக்கு வந்து உங்கள் ரெண்டு பேரோடையும் கதைக்கப் போறாராம்."

மீனாம்பிகை தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அது நல்ல சிவப்பாக இருந்தது. பத்துக் கிழமை பதினைந்தாம் இலக்க மா, நாளுக்கு ஒரு நேரம், ஒரு நாள் தவறாமல், கூடக் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் போட்டு. அவளுடைய தலை மெல்ல உள்ளே சாமிப்படம் இருந்த பக்கம் திரும்பியது. வாய் அசைந்தது.

அற்புதராணி வயிற்றிலிருந்த கையை எடுத்தாள்.

"முருகனோடை நீங்கள் பிறகு கதையுங்கோ, அக்கா. முதல் எனக்குத் தரவேண்டிய ரெண்டு புள்ளி ஏழு இரத்தத்துக்கு வழி சொல்லுங்கோ."