ஓ.டி.பி.க்கு ஈடாக ஒரு முறுக்கு அச்சு

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. திருப்பதியில் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டு இதை வெளியில் சொல்லக் கூடாதுதான். ஊசியைப் பார்த்து நடுங்கும் ஆம்பளைகளிடம், "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லியே பேர் வாங்கியவள் நான்.

விவாகரத்தில் திருப்பதி வீடு எனக்கு என்று முடிவானது. பத்திரம் மாற்றினேன், கரண்ட் பில்லில் பேர் மாற்றினேன். வீட்டு இன்ஷூரன்ஸை மட்டும் மறந்தே போனேன். பக்கத்துத் தெருவில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு வீடு பாதி எரிந்தபோதுதான் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் பெயர் என் முன்னாள் கணவருடையது! என் வீடு எரிந்தால் பணம் அவருக்குப் போகும். அன்றிலிருந்து கற்பூரம் ஏற்றுவதை நிறுத்தினேன். வேலைக்குப் போகும்போது ஃபிரிட்ஜைக்கூட அணைத்துவிட்டுப் போனேன். (ஒரு வாரம் புளித்த தயிர்தான்.)

பயம் தாங்காமல் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். கவுண்டர்காரர் கோர்ட் தீர்ப்பை நிதானமாகப் படித்தார்.

"அன்னி பாகுன்னாயி மேடம், எல்லாம் சரியா இருக்குது. அவர் பேர எடுத்துடலாம். ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க."

"எந்த போனுக்கு வரும்?"

"பாலிசில இருக்கிற நம்பருக்கு. அந்த... சாருக்கு."

இரண்டு வருஷமாகப் பேசாத மனிதர்.

"ரெண்டு நிமிஷத்துல சொல்லணும். மூணு தடவைதான் சான்ஸ். தப்பினா சாரையே கூட்டிகினு வரணும்."

அவர் நம்பரைக் கூப்பிட்டேன். அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டேன் போலிருக்கிறது.

"ஆரு பேசுறது?"

ஆபீஸ் முழுக்கக் கேட்டது. அவர் இல்லை, அவருடைய அம்மா! மகன் புது நம்பர் வாங்கிக்கொண்டு, பழையதைக் குப்பம் பக்கம் குடுபல்லியில் இருக்கும் அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அவரிடமாவது எப்படியோ பேசியிருப்பேன். அத்தையிடம் மருமகளாக இருந்த காலத்திலேயே கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவேன்.

"அத்தை... நான் கலா... உங்க போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும்..."

"ரெண்டு வருசம் கழிச்சு இப்பதான் வாய் வந்துச்சா? போறப்போ ஒரு வார்த்தை சொல்லிகினு போனியா?"

அத்தை மூச்சு விடுவதற்குள் நேரம் முடிந்தது. இரண்டாவது தடவை ஒரு நம்பரைப் படித்தார். அது கேஸ் சிலிண்டருக்கு வந்த நம்பர். எனக்கு வேர்த்துக் கொட்டியது.

வரிசையில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்தார். "சிஸ்டர், போன மாசம் எனக்கு ஊசி போட்டீங்களே! பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான்."

(பாவி!)

மூன்றாவது தடவை.

"வந்துகீது," என்றார் அத்தை.

"சொல்லுங்க அத்தை."

"சொல்றேன். மொதல்ல என் முறுக்கு அச்சு எங்க?"

குடுபல்லி வீட்டிலிருந்து நான் மூட்டை கட்டிய அவசரத்தில் அத்தையின் பித்தளை அச்சும் சாமானோடு வந்துவிட்டது. திருப்பித் தரப் பயந்து அப்படியே வைத்திருந்தேன். (அதில் இரண்டு தீபாவளிக்கு முறுக்கும் சுட்டேன்.)

"எங்கிட்டதான் இருக்குது அத்தை," என்றேன், அத்தனை பேர் முன்னால்.

"தெரியும். உன் வாயால கேக்கணும்னுதான் இருந்தேன். எப்ப அனுப்புவ?"

"நாளைக்கே, குப்பம் பஸ்ல."

"இன்னா நம்பிக்கை?"

கவுண்டர்காரர் பொறுக்கமாட்டாமல் போன் பக்கம் குனிந்தார். "அம்மா, நேனு சாட்சி, நான் இருக்கேன்! நம்பர சொல்லுங்கம்மா, டைம் போவுது!"

அத்தை ஒவ்வொரு எண்ணாக, அரிசியில் கல் பொறுக்குவதுபோலச் சொன்னார். கடைசி எண் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அயிப்போயிந்தி மேடம், பேர் போயிடுச்சு," என்றார் கவுண்டர்காரர். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். போன் நம்பரையும் மாற்றலாமா என்று கேட்டதற்கு, "அதுக்கும் பழைய நம்பருக்கு ஓ.டி.பி. வரும்" என்றார். எழுந்து ஓடிவந்துவிட்டேன்.

அதனால் அவர் பெயர் போய்விட்டது, அவர் அம்மா போகவில்லை. வருஷா வருஷம் பாலிசி புதுப்பிக்கும்போது நம்பர் குடுபல்லிக்குத்தான் போகிறது. அச்சு போய்ச் சேர்ந்ததிலிருந்து அத்தையே கூப்பிட்டு, "எழுதிக்கோ" என்று படித்துவிட்டு, "சோறு துன்னியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைக்கிறார்.

நகரியில் என் தம்பி வீட்டில் யார் ஓ.டி.பி. கேட்டாலும், "மொதல்ல என் முறுக்கு அச்சு எங்க?" என்று எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். நான் மட்டும் இன்றைக்கும் ஒரு நொடி நடுங்கிவிட்டுத்தான் சிரிக்கிறேன்.