எட்டு மாடும் இரண்டு தேயிலை நாடும்

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
2004 மார்ச், ஞாயிற்றுக்கிழமை

மடு மாதாவின் காவலில் மன்னாரில் வாழும் அன்பு மச்சான் ஹென்றி அறிவது,

இங்கே நானும் உமது அக்கா அஞ்சலீனாவும் மகள் பிரியந்தியும் இந்தப் பனியிலும் சுகமாக இருக்கிறோம். உங்கள் வீட்டாரின் சுகத்தையும் மாதாவிடமே கேட்கிறோம். முதலில் முக்கியமான விடயம். பிரியந்தியின் சீதனத்துக்காகத் தென்னங்காணியை விற்கச் சொல்லிப் போன மாதம் எழுதினேனே, விற்க வேண்டாம்! வாங்க ஆள் வந்து நின்றால் திருப்பி அனுப்பும். அப்பாடா, இதை எழுதும்போதுதான் எனக்கு மூச்சே வருகிறது.

மாப்பிள்ளை ஒலிவியே புருண்டி நாட்டுப் பையன் என்று உமக்குத் தெரியும். எங்கள் கோவிலுக்கு வருகிற குடும்பம், குறை சொல்ல ஒன்றுமில்லை. நானோ கொழும்பில் வர்த்தக அமைச்சில் குமாஸ்தாவாக இருந்தவன். ஆபிரிக்க நாடுகளோடு ஒப்பந்தம் போடுகிற கோப்பெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். ஆகவே இந்தச் சம்பந்தத்தையும் இரு நாட்டுப் பேச்சுவார்த்தையாகவே நடத்துவோம் என்று இரண்டு குட்டிக் கொடிகளை மேசையில் வைத்தேன். "உங்களுக்கென்ன விசரோ?" என்றாள் அஞ்சலீனா. பூசை முடிந்து மாப்பிள்ளையின் தகப்பன் கஸ்பார் தன் அண்ணனோடு கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். அவர் மனைவி, சமைத்துக்கொண்டிருந்த அஞ்சலீனாவிடம் நேரே குசினிக்குள் போய்விட்டா. அஞ்சலீனா பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்து பிரெஞ்சு வெளுத்துக்கட்டுவாள். எனக்குப் பொன்ஜூரும் மெர்சியும்தான், ஆகவே பிரியந்தி மொழிபெயர்ப்பாளர். நான் எங்கள் நாட்டுத் தேயிலை என்று பெருமையாகத் தேநீர் கொடுக்க, கஸ்பார் பையிலிருந்து ஒரு பொதி தேயிலையை எடுத்து நீட்டினார். அவர்கள் நாடும் தேயிலைதான் விற்கிறதாம்! இரண்டு பேரிடமும் ஒரே சாமான் இருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும் என்று இரண்டு தேயிலையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அப்பா, மாட்டைப் பற்றிக் கதைப்பமாம். எட்டு எண்டால் உங்களுக்குச் சரியோ எண்டு கேக்கிறார்" என்றாள் பிரியந்தி.

மச்சான், எனக்குத் தலை சுற்றியது. யாழ்ப்பாணத்து டொக்டர் மாப்பிள்ளை வீடு கேட்பான், கார் கேட்பான், மாடு கேட்டதாகச் சரித்திரம் உண்டோ? அதுவும் எட்டு! காணியை விற்ற காசும் காணாதே என்று கணக்குப் பார்த்து, "எட்டெல்லாம் கூடிப்போச்சு, ஒண்டு போதும் எண்டு சொல்லு" என்றேன். அதைக் கேட்டதும் கஸ்பார் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார், கண் கலங்கிவிட்டது. இப்படிக் குறைத்தால் மனுசன் அழாமல் என்ன செய்யும் என்று எனக்கும் பாவமாக இருந்தது. ஆனால் அண்ணன்காரர் விடவில்லை. "ஒரு மாடு எண்டால் தங்கட குடும்பத்துக்கு மரியாதை இல்லையாம், நாலாவது வேணுமாம்." அவர்கள் மரியாதைக்கு நான் ஏன் மாடு பிடிக்க வேண்டும் என்று கோபம் வந்தாலும், ராசதந்திரமாகச் சிரித்துக்கொண்டு இரண்டில் நின்றேன். அவர்களும் சம்மதித்துக் கைகொடுத்தார்கள்.

"அப்ப, ரெண்டு மாட்டையும் தாங்கள் எங்க கொண்டுவந்து கட்டுறது எண்டு கேக்கிறார்."

"அவையோ கொண்டுவந்து கட்டுறது? மாடு குடுக்கிறது நாங்கள் எல்லோ?" என்றேன்.

"என்னப்பா கதைக்கிறீங்கள்! அவையின்ர நாட்டில மாப்பிள்ளை பகுதிதான் குடுக்கிறது. நீங்கள் குறைக்கக் குறைக்க, என்ர அப்பாவைப் போல ஆருமில்லை எண்டு நான் பெருமைப்பட்டுக்கொண்டு இருக்கிறன்!"

எங்கள் வழக்கத்தை விளங்கப்படுத்தியபோது, பெண்ணையும் கொடுத்துச் சீதனமும் கொடுப்பீர்களோ என்று கஸ்பார் வாயைப் பிளந்தார். தங்களுக்கு ஒரு சதமும் வேண்டாமாம். மச்சான், நான் அழுதுவிட்டேன். பிள்ளை விரும்பியவனையே கட்டப்போகிறாள், உமது அப்பா விட்டுப்போன காணியும் தப்பியது. இனி நிம்மதியாக நித்திரை கொள்வேன்.

உமது பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். மாதா உம்மையும் உமது முதுகு வலியையும் பார்த்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
நிம்மதியடைந்த மச்சான்
மரியதாசன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அஞ்சலீனா சொல்கிறாள். நாங்கள் கொடிகளோடு முன்னறையில் இருந்த நேரம், குசினியில் இரண்டு தாய்மாரும் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்களாம். "பிள்ளையை வெறுங்கையோட அனுப்பினால் சனம் என்ன கதைக்கும்? காணியை மகளுக்கும் மருமகனுக்கும் எழுதிறதெண்டு சொல்லிப்போட்டன்." சம்பந்தி அம்மாவும் மகிழ்ந்துபோய், மாடுகளை மன்னாரிலேயே வாங்கி அந்தக் காணியில் கட்டுவதாகச் சொல்லிவிட்டாவாம். ஆகவே காணியை விற்க வேண்டாம், மாடு ஓடாமல் வேலியை அடைத்துவிடும். பால் கறக்கிறது தம்பி ஹென்றிதான் என்றும் பேசி முடிந்துவிட்டதாம்.