இருபத்தைந்தாவது படிவம்

சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுப்பதற்காக ஒரு மனிதன் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு ஐந்து நாளாகக் காத்திருந்தான். படிவம்தான் வரவில்லை.

அணியில் அவனுக்குப் பெயர் ‘மூணாவது’. மூன்றாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பருக்கு அடிபட்டு, இரண்டாமவனுக்குக் காய்ச்சலும் வந்தால்தான் இவன் கையுறையை மாட்ட முடியும். ஏழு வருடத்தில் அப்படி ஒரே ஒரு நாள் வாய்த்தது. பத்தொன்பது நிமிடம் ஆடினான். மூன்று கோல் விட்டான். அதற்குப் பிறகு மற்ற இரண்டு பேரும் தங்கள் உடம்பை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

நோய் வந்து ஊரைப் பூட்டி மூன்று மாதமாகியிருந்தது. மைதானத்துக்குள் ஆள் வரக்கூடாது என்றதும் டிக்கெட் காசு நின்றது. ஆட்டம் இல்லை என்றதும் டி.வி.க்காரர்கள் தரவேண்டியதை நிறுத்தினார்கள். சட்டையின் நெஞ்சில் தன் பெயரைப் போட்டிருந்த சிமெண்ட் கம்பெனி, “பீரோல மடிச்சு வச்ச சட்டைக்கு எதுக்குய்யா நாங்க காசு தரணும்?” என்று கேட்டது. நியாயமான கேள்வி. மூன்று மாதமாக யாருக்கும் சம்பளம் இல்லை.

கடைசியில் கிளப் தலைவர் ஒரு வழி சொன்னார். ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் பாதிச் சம்பளத்துக்கு எழுதிக் கொடுத்தால் வங்கி கடன் தரும். ஒருத்தர் மறுத்தாலும் தராது. தராவிட்டால் புல் வெட்டுகிறவர், சட்டை துவைக்கிறவர், வாசல் காவலர்கள் என்று நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். கெடு, அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

எல்லோர் வீட்டுக்கும் தபாலில் படிவம் போனது. இவன் வீட்டுக்கு வரவில்லை.

கிளப் அலுவலகத்துக்குப் போன் செய்தான். சம்பளப் பிரிவு அக்கா எடுத்தாள். அங்கே பதினான்கு மேஜை. பதின்மூன்று பேரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். பழைய கோப்புகளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் அக்கா மட்டும் தினமும் வந்து கதவைத் திறந்து, தானே விளக்கைப் போட்டு, சாயங்காலம் தானே அணைத்துவிட்டுப் போனாள்.

“அக்கா, என் படிவம் இன்னும் வரலக்கா.”

“வரும் தம்பி. தபால்ல தாமதமாகுது. சாப்டீங்களா?”

“ரெண்டு முட்டை அவிச்சேன்.”

“நேத்தும் முட்டைதானே?”

“நேத்து பொரிச்சேன்.”

“நல்லா சாப்பிடணும் தம்பி. நாளைக்குப் போன் பண்ணிப் பாருங்க.”

இப்படியே ஐந்து நாள். போனை வைத்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. இரண்டாவது மாடி, ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு. பந்தைச் சுவரில் எறிந்து பிடிப்பான். இருபது முறை எறிந்ததும் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் கூரையைத் தட்டுவார். முதலில் அது அவமானமாக இருந்தது. பிறகு அந்தத் தட்டலுக்காகவே எறிய ஆரம்பித்தான். அந்தக் கட்டிடத்தில் அவனுக்குப் பதில் சொல்லும் ஆள் அவர் ஒருவர்தான்.

ஆறாம் நாள் கேப்டன் போன் செய்தார். ஏழு வருடத்தில் கேப்டன் தானாக அவனுக்குச் செய்த முதல் போன்.

“டேய் மூணாவது! எல்லாரும் போட்டாச்சு. உன் ஒருத்தன் கையெழுத்துதான் பாக்கி. என்னடா உன் பிரச்சனை?”

“எனக்குப் படிவமே வரல கேப்டன்.”

“எல்லாருக்கும் வந்தது உனக்கு மட்டும் எப்படிடா வராம போகும்? தபால்காரனுக்கு உன் மேல என்ன பகை?”

“சத்தியமா வரல கேப்டன்.”

“சரி, என்னோடத போட்டோ எடுத்து அனுப்புறேன். பாத்து அப்படியே ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டு குரூப்ல போடு. எல்லாரும் பாத்துக்கட்டும்.”

போட்டோ வந்தது. மூணாவது ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, மற்றதை எழுத்துப் பிசகாமல் எழுதினான். நடுவில் ஒரு தொகை வந்தது. அதன் பின்னால் இருந்த பூஜ்ஜியங்களை இரண்டு முறை எண்ணினான். அவன் அப்பா சரக்கு யார்டில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். ஒரு தனி மனிதனுக்கு ஒரு மாதத்துக்கு இத்தனை பூஜ்ஜியம் போடுவார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மொத்த அணிக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு என்று நினைத்துக்கொண்டான். அதையும் அப்படியே எழுதினான். அணியின் குரூப்பில் போட்டான். நிம்மதியாக முட்டையை அடுப்பில் வைத்தான்.

முட்டை வெந்து முடிவதற்குள் போன் ஒன்பது முறை அடித்தது.

முதல் ஆள் புல்லட். அணிக்குக் கோல் அடித்துக் கொடுப்பவன். சராசரியாக இரண்டு ஆட்டத்துக்கு ஒரு கோல், மூன்று ஆட்டத்துக்கு ஒரு சண்டை.

“ஏன்டா, பெஞ்ச தேய்க்கிறதுக்கு உனக்கு இவ்ளோ சம்பளமா? வெயில்ல நாய் மாதிரி ஓடுறவன் நான். என்னோடது இதுல மூணுல ஒரு பங்குதான்டா!”

“அது என் சம்பளம் இல்லண்ணே. மொத்த அணிக்கும்...”

“மொத்த அணிக்கா? காதுல பூ சுத்துறியா? நான் என் படிவத்தத் திருப்பி வாங்கப் போறேன். இவனுக்கே இவ்ளோன்னா நான் எதுக்குக் குறைச்சுக்கணும்?”

சாயங்காலத்துக்குள் பதினொரு பேர் படிவத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். யாரோ விஷயத்தை வெளியே விட, மறுநாள் காலைப் பத்திரிகையில், ‘ஆடாத ஆட்டக்காரருக்கு அள்ளிக் கொடுத்த கிளப்’ என்று செய்தி வந்தது. கூடவே அவன் படம். படத்திலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான்.

மூணாவது பயந்து போனான். ஆனால் அன்றைக்கு மட்டும் இருபத்தாறு போன். பழைய பயிற்சியாளர் திட்டினார். பேர் தெரியாத ரசிகர்கள் திட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன் கைமாற்றுக் கேட்டான். திட்டினாலும் குரல் குரல்தான். ஒவ்வொரு அழைப்பையும் கடைசிவரை கேட்டு, “சரிங்க, சரிங்க” என்று சொல்லி, அவர்களாக வைத்த பிறகுதான் இவன் வைத்தான். பந்தை எடுக்கவே நேரமில்லை. சத்தம் நின்று போனதில் என்னவோ ஏதோ என்று கீழ்வீட்டுக்காரர் தானாகவே ஒரு முறை கூரையைத் தட்டிப் பார்த்தார்.

சட்டை துவைக்கிறவர் மட்டும் திட்டவில்லை.

“தம்பி, ஏழு வருஷமா உன் சட்டை அழுக்கே இல்லாமத்தான் வரும். துவைக்காமயே மடிச்சு வச்சிருவேன். உன் புண்ணியத்துல எனக்கு வாரத்துக்கு ஒரு சட்டை வேலை மிச்சம். எனக்கு ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாவது பண்ணுய்யா.”

மூணாவது முட்டையைத் தட்டோடு தள்ளி வைத்தான். அப்பா வேலையை இழந்த வருடம் வீட்டில் அடுப்பு எப்படி இருந்தது என்று அவனுக்குத் தெரியும். உண்மையைச் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்தான். புல்லட்டைக் கூப்பிட்டான்.

“அண்ணே, அந்தத் தொகை என்னோடது இல்ல. கேப்டன் படிவத்தப் பாத்து எழுதுனேன்.”

புல்லட் மெதுவாகப் பேசி அவன் அதுவரை கேட்டதே இல்லை.

“கேப்டனோடதா?”

“ஆமாண்ணே.”

“‘நானும் உங்க அளவுக்குத்தான் வாங்குறேன், எல்லாரும் ஒரே தட்டுல சாப்பிடுறவங்க’ன்னு மீட்டிங்ல கண்ணு கலங்குனாரே, அந்தக் கேப்டனா?”

“அவரேதாண்ணே.”

“அவர் தட்டு அண்டா சைஸ்ல இருக்குடா!”

மறுநாள் மீதி இருந்தவர்களும் படிவத்தைத் திருப்பிக் கேட்டார்கள். இப்போது கையில் ஒரு படிவம்கூட இல்லை என்று கிளப் தலைவர் அறிக்கை விட்டார். நாற்பது பேருக்கும் பணிநீக்கக் கடிதம் தட்டச்சாகித் தயாராக இருப்பதாகவும் சொன்னார்.

அக்காவுக்குப் போன் செய்தான்.

“என்னக்கா நடக்குது அங்க?”

“நாப்பது கடிதம் தம்பி. நான்தான் தட்டச்சு பண்ணுனேன். முப்பத்தி ஒம்பதாவது என்னோடது. என் பேர நானே அடிச்சேன்.”

“உங்களோடதுமாக்கா?”

“நீங்க கவலப்படாதீங்க” என்றாள் அக்கா. “இன்னிக்கு என்ன சமைச்சீங்க?”

“ஒண்ணும் சமைக்கலக்கா. படிவம்...”

“வரும் தம்பி. நாளைக்குப் பண்ணுங்க.”

புதன்கிழமை கேப்டன் கூப்பிட்டார். பத்து நிமிடம் மூச்சு விடாமல் திட்டினார். மூணாவது போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. திட்டி ஓய்ந்ததும் கேப்டன் குரல் இறங்கியது.

“என் வீட்டுக்காரிகூட எங்கிட்டப் பேச மாட்டேங்குறாடா. அவகிட்டயும் சம்பளத்தக் கம்மியாத்தான் சொல்லி வச்சிருந்தேன். அணியில ஒருத்தனும் போன எடுக்க மாட்டேங்குறான். நீ ஒருத்தன்தான் எடுக்குற.”

“நான் எப்பவுமே எடுப்பேன் கேப்டன். யாரும் பண்ணுனதில்ல.”

“இப்ப என்னடா பண்றது?”

“எங்கப்பா மூட்ட தூக்குன இடத்துல ஒரு தடவ கூலியக் குறைச்சாங்க. யாரும் ஒத்துக்கல. மேஸ்திரி தன் கூலிய எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லி, அதுல முக்காவாசிய விட்டுக் கொடுத்தாரு. அப்புறம் ஒருத்தனும் வாயத் திறக்கல.”

“முக்கால்வாசியா?”

“அண்டா பெருசு கேப்டன். முக்கால் போனாலும் மீதி இருக்கும்.”

கேப்டன் நீண்ட பெருமூச்சு விட்டார். அன்று மாலை குரூப்பில் தன் சம்பளத்தை எழுதி, அதில் முக்காலை விட்டுத் தருவதாகப் போட்டார். வியாழக்கிழமை காலை ஒவ்வொருவராக அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாகப் போனவன் புல்லட். போட்டுவிட்டு மூணாவதுக்குப் போன் செய்தான்.

“எல்லாரும் போட்டாச்சு. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள நீ போடல, நான் என்னோடத வாங்கிக் கிழிச்சுப் போட்டுருவேன். நாப்பது குடும்பத்தோட வயிறும் உன் கையில இருக்கு. ஏழு வருஷத்துல உன் கைக்கு வந்த மொதப் பந்துடா இது. விட்டுறாத.”

வெள்ளிக்கிழமை வந்தது. ஊர் பூட்டியிருந்ததால் பேருந்து கிடையாது. மூணாவது தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏழு கிலோமீட்டர் நடந்தான். இந்த முறை தன் சொந்தச் சம்பளத்தைத்தான் எழுதியிருந்தான். பூஜ்ஜியங்கள் குறைவு என்பதால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

தெருவெல்லாம் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. மைதானத்தின் கம்பி வேலி வழியாக எட்டிப் பார்த்தான். இருபதாயிரம் நாற்காலி, ஒரு ஆள் இல்லை. புல் வெட்டுகிறவர் மட்டும் நடுவில் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். ஓரத்தில் அவன் பெஞ்ச். அவன் உட்காரும் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. மற்ற ஆட்டக்காரர்களுக்கு மைதானத்தில் எத்தனையோ அடையாளம். அவனுக்கு அது ஒன்று. அடுத்த ஆட்டத்துக்கு அங்கே வந்து உட்கார வேண்டும், இருபத்தைந்து பேரில் ஒருவனாக. அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அலுவலகத்துக்குள் நுழையும்போது மணி நாலே முக்கால். பதின்மூன்று மேஜையில் தூசு. பதினான்காவது மேஜையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், முகக்கவசம் போட்ட ஒரு பெண். முன்னால் ஒரு திறந்த டிபன் பாக்ஸ், உள்ளே அவித்த முட்டை இரண்டு.

“அக்கா, நான்தான்.”

அவள் எழுந்து நின்றுவிட்டாள். “தம்பி! நீங்க எதுக்கு நேர்ல வந்தீங்க?”

“அஞ்சு மணி ஆகப் போகுதுக்கா. நானே எழுதிட்டு வந்துட்டேன்.” தடுப்பின் சந்து வழியாகத் தாளை நீட்டினான். “இத வச்சுக்குங்க. நாப்பது பேரும் தப்பிச்சாங்கல்ல?”

“தப்பிச்சாச்சு. நேத்தே வங்கிக்குப் போயிருச்சு தம்பி.”

“நேத்தேவா? என்னோடது இல்லாமயா?”

“இருபத்தி நாலு படிவம். மூணு தடவ எண்ணிப் பாத்தேன். சரியா இருந்துச்சு.”

“இருபத்தி அஞ்சுக்கா. நாங்க இருபத்தி அஞ்சு பேரு.”

அக்கா அந்தத் தாளை வாங்கவில்லை. டிபன் பாக்ஸின் மூடியை எடுத்து, அதில் ஒரு முட்டையை வைத்து, சந்து வழியாக அவன் பக்கம் மெதுவாகத் தள்ளினாள்.

“ஆட்டத்தத் தள்ளி வச்சாங்க, உங்க ஒப்பந்தத் தேதிய யாரும் தள்ளி வைக்கல தம்பி, அது போன மாசம் முப்பதாம் தேதியே முடிஞ்சிருச்சு; நீங்க மொத நாள் கேட்டப்பவே சொல்லியிருப்பேன், சொல்லிட்டா அப்புறம் எனக்கு யாரு போன் பண்ணுவா?”